சாய வளையமும் குவானின் சதுரமும்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பின்னல் துணிக்கு மயில்நீலம் ஏற்றுதல் பொறுமையை வேண்டும் பணியாகும். வினைச்சாயங்கள் பல 60 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே பருத்தியைப் பற்றிக்கொள்ள, ‘டர்க்காய்ஸ்’ எனப்படும் இச்சாயத்திற்கு ஏறத்தாழ 80 பாகை தேவைப்படுகிறது. அதன் மூலக்கூறு பெரிது. இழைக்குள் மெல்லவே நுழையும். நுழையாது எஞ்சியது கழுவுநீரோடு வெளியேறும். சாயக்கழிவால் நொய்யலாறு கெட்டதையும், 2011ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் அவ்வட்டாரம் மறக்கவில்லை.

இம்மயில்நீலத்தின் உள்ளமைப்பு அழகானது. நான்கு ஒத்த அலகுகள் கைகோத்துத் தட்டையான வளையமாகி, நடுவில் ஒரு செம்பு அணுவைப் பிடித்திருக்கின்றன. தாலோசயனின் என்னும் இவ்வளையம் துணிக்கு நிறமூட்டுவதோடு நிற்கவில்லை. டி.என்.ஏ.வின் அரியதொரு மடிப்பை அடையாளம் காணும் கருவியாகவும் வேதியியலார் அதனை மாற்றியமைத்துள்ளனர்.

டி.என்.ஏ. என்றவுடன் இரட்டைச் சுருளே நினைவில் எழும். ஆயினும் குவானின் மிகுந்த பகுதிகளில் அவ்விழை வேறுவிதமாகவும் மடிகிறது. நான்கு குவானின்கள் எட்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒரு சதுரமாக இணைகின்றன. அச்சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட, இடையே பொட்டாசியம் அயனிகள் அமர்ந்து அடுக்கை நிலைநிறுத்துகின்றன. குவானின் சதுரம் 1962இல் கண்டறியப்பட்டது. எனினும் அது சோதனைக்குழாயில் மட்டுமே தோன்றுவதோ என்னும் ஐயம் நெடுங்காலம் நீடித்தது. சென்னையில் பிறந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்தும் சங்கர் பாலசுப்பிரமணியனின் குழுவினர், 2013இல் மனித உயிரணுக்களுக்குள்ளேயே இந்நான்கிழை அமைப்பைக் காட்டினர்.

குரோமோசோம்களின் நுனிகளில் இவ்வமைப்பு உருவாகவல்லது. உயிரணு பிளவுறுந்தோறும் அந்நுனிகள் தேய்கின்றன. புற்றணுக்களில் பெரும்பாலானவை டெலோமெரேசு என்னும் நொதியால் நுனியை மீண்டும் நீட்டித்துக்கொண்டு ஓயாமல் பெருகுகின்றன. நுனி மடிந்து இறுகிவிட்டால் அந்நொதியால் அதனைப் பற்ற இயலாது. ஆகவே, மடிப்பை இறுக்கும் மூலக்கூறு புற்றுக்கு எதிரான மருந்தாகலாம்.

இடர்ப்பாடு ஒன்றுண்டு. 1978 முதல் மருத்துவத்தில் பயன்படும் சிஸ்பிளாட்டின் என்னும் பிளாட்டினச் சேர்மம், இரட்டைச் சுருளில் எங்கு வாய்த்தாலும் குவானினைப் பற்றும். எனவே புற்றணுவோடு நலமான அணுவும் அடிபடும். வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் நோயாளியை வாட்டும். புதிய மூலக்கூறு, இரட்டைச் சுருளைத் தொடாமல் நான்கிழை மடிப்பை மட்டுமே நாடவேண்டும்.

இங்குதான் வடிவம் கைகொடுக்கிறது. இரட்டைச் சுருளின் கார இணை குறுகலானது. குவானின் சதுரமோ அகன்றது. அகன்ற தட்டை வளையம் சதுரத்தின் முகத்தில், மூடி கலத்தின்மேல் அமர்வதுபோலப் பொருந்தும். நடுவிலுள்ள உலோகத்திற்கு இரு வேலைகள். ஈனியின் கைகளை முறுக்கவிடாமல் ஒரே தளத்தில் நிறுத்துவது ஒன்று. வளையத்தின் எலக்ட்ரான்களைத் தன்பால் ஈர்த்து, குவானினோடு அது நெருங்கி ஒட்டச் செய்வது மற்றொன்று. இலண்டன் ஆய்வாளர்கள் 2006இல் நிக்கலைக் கொண்டு உருவாக்கிய தளசதுர அணைவுச் சேர்மங்கள் இவ்வகையின.

மின்சுமையையும் கவனித்தாக வேண்டும். துணிச்சாயம் எதிர்மின்சுமை உடையது. நீரில் பருத்தியின் மேற்பரப்பும் அத்தகையதே. ஒன்றையொன்று விலக்குவதைத் தணிக்கவே சாயத்தொட்டியில் அத்தனை உப்பு கொட்டப்படுகிறது. டி.என்.ஏ.வின் முதுகெலும்பும் எதிர்மின்சுமை கொண்டதே. ஆனால் உயிரணுவில் உப்பைக் கொட்ட முடியாதே! எனவே வேதியியலார் வளையத்தின் விளிம்பில் நேர்மின்சுமைக் கைகளைப் பொருத்தினர். சூரிச்சு ஆய்வாளர்கள் 2009இல் இவ்வாறு செய்த துத்தநாகத் தாலோசயனின், நான்கிழை மடிப்பைப் பற்றியதும் ஒளிர்ந்தது. பிரான்சில் 2007இல் பருத்த கைகளோடு அமைக்கப்பட்ட மாங்கனீசு போர்பிரின், இரட்டைச் சுருளைவிட நான்கிழை மடிப்பைப் பத்தாயிரம் மடங்கு வலுவாக நாடியது. கைகளின் பருமனால் கார இணைகளுக்கிடையே அது நுழைய முடியவில்லை.

இருப்பினும், நேர்மின்சுமை மிகுந்த மூலக்கூறு உயிரணுவின் சவ்வை எளிதில் கடப்பதில்லை. அதைவிடக் கடினமான வினா மற்றொன்று: 2005ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, மனித மரபுத்தொகுதியில் இவ்வாறு மடியக்கூடிய இடங்கள் 3,70,000க்கும் மேல். நலமான அணுக்களிலும் இருக்கும் அவற்றுள் எதைத் தொடுவது, எதை விடுவது என்பதை ஒரு தட்டை வளையத்திற்குக் கற்பிக்கும் முயற்சியிலேயே ஆய்வகங்கள் இன்று ஈடுபட்டுள்ளன.