விடியற்காலைச் சந்தை

காய்கறி வாங்குவதை அன்றாட வேலைகளுள் ஒன்றாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். அதில் இன்பமும் உண்டு என்பதை அறிய விரும்புவோர் பொழுது புலரும் வேளையில் உழவர் சந்தைக்குச் சென்று பார்த்தல் வேண்டும். வெயில் ஏறிய பின் செல்வோர்க்கு எஞ்சியவையே கிட்டும்.

தமிழகத்தின் முதல் உழவர் சந்தை, மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது, 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் திறக்கப்பட்டது. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்ததாக மதுரைக்காஞ்சி பாடும் அதே ஊரில் இது தொடங்கியது பொருத்தமே. பஞ்சாபில் இத்தகைய சந்தை 1987லேயே தோன்றியிருந்தது. இங்கே 2001க்குப் பின் சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த சந்தைகள், 2006க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றன.

உழவர் தம் அடையாள அட்டையைக் காட்டிக் கடையில் அமர்கிறார். வாடகையில்லை, இடைத்தரகரில்லை. மொத்த விலைக்குச் சற்று மேலாகவும் வெளிக்கடை விலைக்குக் குறைவாகவும் அன்றன்றைய விலை குறிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. ஆகவே, விளைவித்தவர்க்கும் சமைப்பவர்க்கும் சிறிது மிச்சம்.

முளைக்கீரையின் வேரில் ஈரமண் ஒட்டியிருக்கும். முருங்கைக்காயை மெல்ல முறுக்கினால் இளங்காய் வளைந்து கொடுக்கும். கத்தரிக்காயில் சிறு துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கலாம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது நம் இல்லத்தரசியரின் பழைய வழக்கம். ஆனால் பத்துக் காயை ஒடித்துவிட்டு வாங்காது நகர்வோரை என்னென்பது! புதியன யாவும் நல்லனவுமல்ல. கருணைக்கிழங்கு மட்டும் பழையதாயிருத்தல் வேண்டும். புதுக்கிழங்கு நாவை அரிக்கும்.

பருவத்தையும் சந்தையே நமக்கு உணர்த்துகிறது. தையில் மொச்சையும் அவரையும் குவியும். கோடையில் மலிந்து கிடக்கும் முருங்கைக்காய், ஐப்பசி மழையில் கைக்கெட்டா விலைக்கு ஏறிவிடும். அப்போது அதை விட்டுப் பூசணிக்குத் திரும்புவதே குடும்பத்திற்கு நலம்.

உழவர் போர்வையில் வியாபாரிகளும் அமர்ந்துவிடுகின்றனர் என்பது நெடுநாளைய குறை. கண்டறிவது கடினமன்று. தன் நிலத்தில் விளைந்ததைக் கொணர்பவரிடம் இரண்டு மூன்று வகைகளே இருக்கும். “இன்னும் எத்தனை நாளைக்குக் காய்க்கும்?” என்று கேட்டால் உடனே மறுமொழி வரும். சமவெளிச் சந்தையில் கேரட்டும் முட்டைக்கோசும் உட்படப் பன்னிரண்டு வகையைப் பரப்பியிருப்பவரிடம் அம்மறுமொழி கிடைப்பது அரிது.

தக்காளி மலியும் காலத்தில் பறிகூலிக்குக்கூட விலை கட்டாமல், செடியிலேயே அழுக விட்டுவிடும் உழவர் பலர். அதை அறிந்திருந்தும், பலகை விலைக்கும் கீழே ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி நாம் வாதிடுகிறோம். துணிக்கடையில் மட்டும் சீட்டில் அச்சிட்டதை வாய்திறவாது கொடுத்துவிடுகிறோம். வாதிடாது வாங்கும் வாடிக்கையாளருக்கோ, கேளாமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை பையில் விழுகிறது. சில வேளைகளில் அதனினும் பெரிய நன்மையும் கிட்டும்: “இது முத்தல் தாயி, ஒங்களுக்கு வேணாம், நாளைக்கு இளசாக் கொண்டாறேன்.”

மறுநாள் இளசாகவே வருகிறது.