ஒரு கணினியில் இரு குடித்தனம்



ஒரே வீட்டில் இரு குடும்பங்கள் குடியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தெருவாயில் ஒன்று, கிணறும் முற்றமும் பொது, அறைகளும் அடுப்புகளும் வேறு வேறு. தத்தம் எல்லையை அறிந்து இருவரும் நடந்துகொள்ளும்வரை வீட்டில் அமைதி நிலவும். எல்லை குழம்பினாலோ, வாயிற்காவலன் ஒருவரை உள்ளே விட்டு மற்றவரைத் தெருவில் நிறுத்தினாலோ சச்சரவு எழும். ஒரு கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்களை அருகருகே நிறுவுவதும் இத்தகைய இரு குடித்தனமே ஆகும். அதில் எழும் தடைகளை எவ்வாறு அறிந்து நீக்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது தமிழ்நாட்டு மாணவர்க்கு முற்றிலும் புதிய செய்தியன்று. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பெற்ற கணினிகள் பலவற்றில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. லினக்ஸின் கருவை 1991-இல் வெளியிட்டவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்பொழுது அவர் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த மாணவர். அதனை யாவரும் விலையின்றிப் பெறலாம், பிரித்துப் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். விண்டோஸ் 10-க்கு உரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளை உடையவர் பலர், அதுமுதல் பென்டிரைவின் வாயிலாக லினக்ஸை நிறுவ முற்படுகின்றனர்.

அத்தகைய இருவரை நான் அறிவேன். கல்லூரி மாணவி ஒருத்தி கண் கலங்க வந்து, "ஐயா, கணினி செத்துவிட்டது; லினக்ஸை நிறுவினேன், விண்டோஸ் போய்விட்டது" என்றாள். மற்றொருவன் பள்ளி மாணவன். அவன் முகமலர்ச்சியோடு வந்து, "ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை, ஐயா, அரை மணியில் முடிந்தது" என்றான். உண்மை யாதெனில், அழுதவள் எதனையும் இழக்கவில்லை. மகிழ்ந்தவனே அனைத்தையும் இழந்திருந்தான். 'விண்டோஸுக்கு அருகில் நிறுவுக' என்பதற்கு மாறாக, 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்பதை அவன் தேர்ந்தெடுத்துவிட்டான். அக்கணினியில் அவன் தமக்கையின் ஆய்வுக்கட்டுரை இருந்தது. வேறெங்கும் அதற்குப் படி இல்லை.

ஆகவே, முதற்பாடம் பழுது நீக்குவது பற்றியதன்று. அழிக்கும் செயலுக்கு முன் செய்யவேண்டுவது பற்றியது. வேண்டிய கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து வைத்து, அப்படி சரியாகத் திறக்கின்றதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, வட்டு பிட்லாக்கர் என்னும் பூட்டினால் பூட்டப்பட்டுள்ளதா என நோக்குங்கள். அவ்வாறாயின், 48 இலக்கங்கள் கொண்ட அதன் மீட்புத் திறவியை ஏட்டில் எழுதிக்கொள்ளாமல் எதனையும் தொடவேண்டா. தொடக்க அமைப்புகளை மாற்றியவுடன் விண்டோஸ் அத்திறவியைக் கேட்கக்கூடும். அப்பொழுது தேடுவது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதை ஒக்கும். மூன்றாவதாக, லினக்ஸுக்கு வேண்டிய இடத்தை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே ஒதுக்கிக்கொள்வது நலம். குடியிருப்பவரே தம் அறையை ஒழித்துக்கொடுப்பது அன்றோ முறை?

இனி, கணினி எவ்வாறு விழித்தெழுகின்றது என்பதைக் காண்போம். விசையை அழுத்தியவுடன் முதலில் எழுவது இயங்குதளம் அன்று; தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஒரு சிறு நிரல். பழைய கணினிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர்; இக்காலக் கணினிகளில் யூஇஎஃப்ஐ என்பர். இதுவே நம் வாயிற்காவலன். இவன் கருவிகளைச் சரிபார்த்து, வட்டின் ஒரு சிறு பிரிவில் உள்ள தொடக்கியை அழைக்கின்றான். லினக்ஸின் தொடக்கி பெரும்பாலும் கிரப் எனப்படும். தொடக்கி, இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றுகின்றது. அக்கரு பிற பகுதிகளை எழுப்புகின்றது. காவலன், தொடக்கி, கரு, இயங்குதளம் என்னும் இந்த நான்கும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். பழுது நேரும்பொழுது, "ஏன் வேலை செய்யவில்லை?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. "எதுவரை வந்து நின்றது?" என்று கேளுங்கள். நின்ற இடமே பழுதின் இடத்தைக் காட்டும்.

முதல் நிலை: பென்டிரைவைச் செருகியும் காவலன் அதனைக் காணவில்லை. இதற்குப் பெருங்காரணம், பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணக் கோப்பைப்போலப் படியெடுத்து வைப்பதாகும். நூலைப் பெட்டியில் பூட்டி வைப்பதற்கும் விரித்து மேசைமேல் வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. ரூஃபஸ், எட்சர் போன்ற கருவியைக் கொண்டே அதனை எழுதவேண்டும். எழுதும்பொழுது பென்டிரைவில் முன்பிருந்தவை அழியும் என்பதையும் மறவாதீர்கள். எழுதியபின்னும் தொல்லை நேர்ந்தால், பதிவிறக்கம் பழுதுபட்டதோ எனச் சோதியுங்கள். வெளியிட்டோர் எஸ்எச்ஏ-256 என்னும் முறையில் கணித்த 64 குறிகள் கொண்ட ஒரு முத்திரையைத் தருவர். உங்கள் கோப்புக்கும் அதே கணக்கைச் செய்து ஒப்பிடுங்கள். ஓரெழுத்து மாறினும் அக்கோப்பு ஆகாது. இரண்டும் சரியாயின், வேறொரு துளையில் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள்.

இரண்டாம் நிலை: காவலன் பென்டிரைவைக் காண்கின்றான், ஆயினும் உள்ளே விட மறுக்கின்றான். இது செக்யூர் பூட் என்னும் காவல்முறையின் செயல். நம்பத்தக்க கையொப்பம் உள்ள தொடக்கியை மட்டுமே அது ஏற்கும். 2024 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, பழைய கையொப்பமுடைய லினக்ஸ் தொடக்கிகளைத் தடுத்தது. முன்னாள் மாலைவரை நன்றாக இயங்கிய இரு குடித்தனக் கணினிகள் பலவற்றில், மறுநாள் லினக்ஸ் எழவில்லை. இத்தகைய தடைக்குப் புதிய பதிப்பைப் பெற்று எழுதுவதே நல்ல மருந்து. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது அடுத்த வழி. இங்கேதான் முன்பு கூறிய 48 இலக்கத் திறவி கைகொடுக்கும்.

சில கணினிகளில் தொடக்கி தோன்றியபின் திரை இருண்டுவிடும். அது பெரும்பாலும் திரைக்காட்சி அட்டைக்கும் கருவுக்கும் நேர்ந்த பிணக்கு. உபுண்டு முதலியவற்றில் 'பாதுகாப்பான காட்சி' என்னும் தொடக்க வரி உண்டு. அதனைத் தேர்ந்தால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

மூன்றாம் நிலை: நிறுவும் நிரல் எழுந்துவிட்டது, ஆனால் வட்டையோ, வட்டிலுள்ள விண்டோஸையோ காணவில்லை. இவ்விடத்தில்தான் அவசரக்காரர் 'வட்டு முழுவதையும் அழி' என்னும் படுகுழியில் வீழ்கின்றனர். காணவில்லை என்பதால் இல்லை என்று பொருளன்று. காரணங்கள் மூன்றனை நாடுங்கள். ஒன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இஃது இருக்கும்பொழுது, விண்டோஸை நிறுத்தினாலும் அது முழுவதும் உறங்குவதில்லை. அரைக்கண் மூடியபடி தன் பிரிவைப் பற்றிக்கொண்டிருக்கும். அதனை நீக்கி, முறையாக நிறுத்துங்கள். இரண்டு, இன்டெல் ஆர்எஸ்டி என்னும் வட்டு அமைப்பு. இதனை ஏஎச்சிஐ என்னும் முறைக்கு மாற்றவேண்டியிருக்கலாம். ஆனால் விண்டோஸை அதற்கு ஆயத்தப்படுத்தாமல் மாற்றினால் விண்டோஸ் எழாது. எனவே, இதனைத் தெரிந்தவர் துணையோடு செய்க. மூன்று, பழைய பயாஸ் முறையும் புதிய யூஇஎஃப்ஐ முறையும் கலப்பது. விண்டோஸ் எம்முறையில் நிறுவப்பட்டதோ, லினக்ஸையும் அம்முறையிலேயே நிறுவுக. தொடக்கப் பட்டியலில் ஒரே பென்டிரைவின் பெயர் இருமுறை தோன்றினால், விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்கும் கணினியில், யூஇஎஃப்ஐ என்னும் அடைமொழி உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

நான்காம் நிலை: இரண்டும் நிறுவப்பட்டன; ஒன்று மட்டுமே எழுகின்றது. அழுதுகொண்டு வந்த மாணவியின் நிலை இதுவே. காவலனின் அமைப்பைத் திறந்து பார்த்தோம். விண்டோஸின் தொடக்கி அங்கே பட்டியலில் இரண்டாமிடத்தில் இருந்தது. அதனைத் தேர்ந்தவுடன் விண்டோஸ் எழுந்தது. அவள் கோப்புகளும் இருந்தன. பின்னர் கிரப் ஏன் விண்டோஸைக் காட்டவில்லை என்று ஆராய்ந்தோம். 2021-இல் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பு முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் பணி பாதுகாப்புக் கருதி இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. அமைப்புக்கோப்பில் ஒரு வரியைத் திருத்தி, பட்டியலைப் புதுப்பித்தோம். இரு பெயர்களும் தோன்றின. செத்ததாக எண்ணப்பட்டது சாகவில்லை. வாயிலில் அதன் பெயர்ப்பலகை மட்டுமே இல்லை.

இறுதியாக, அச்சுறுத்தும் தன்மையுடையதெனினும் தீங்கற்ற ஒரு தொல்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் கடிகாரம் ஐந்தரை மணிநேரம் பின்தங்கி நிற்கும். மின்கலம் கெட்டதென்று கடைக்கு ஓடவேண்டா. தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் கொள்கின்றது. விண்டோஸோ உள்ளூர் நேரம் இருப்பதாகக் கொள்கின்றது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முன்னால் உள்ளது. வேறுபாடு சரியாக அவ்வளவே. இருவரில் ஒருவரை மற்றவர் வழக்கத்திற்கு மாற்றினால் போதும். அளவை உற்று நோக்கியவனுக்கு அந்த அளவே காரணத்தைச் சொல்லிவிடுகின்றது.

நண்பர்களே, பழுது நீக்குவோர்க்கு மூன்று ஒழுங்குகள் வேண்டும். திரையில் வந்த செய்தியை, வந்தபடியே ஏட்டில் எழுதுக. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக; இரண்டை மாற்றினால், எதனால் சரியாயிற்று என்பதும் தெரியாது, எதனால் கெட்டது என்பதும் தெரியாது. மீட்க இயலாத செயலுக்கு முன் ஒரு நாழிகை நின்று சிந்திக்க. இம்மூன்றும் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் ஒழுங்குகளே. கணினிக்கெனத் தனியே வந்தவை அல்ல.

அந்தச் சிறுவன் இன்று லினக்ஸை நன்கு கையாள்கின்றான். ஆனால் அவன் தமக்கை நான்கு மாதங்கள் உழைத்து அக்கட்டுரையை மீண்டும் எழுதினாள். இப்பொழுது அவ்வீட்டில் வெளிவட்டு ஒன்று இருக்கின்றது. ஞாயிறுதோறும் அதில் படியெடுப்பவன் அவனே.