முறை மேய்ச்சல்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வழியாகச் சென்ற நேயர்கள், சாலையின் இருமருங்கிலும் கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களைக் கண்டிருப்பீர்கள். நடுநடுவே வெள்வேல மரங்கள். தரையிலே கொழுக்கட்டைப் புல். கொங்கு நாட்டார் இவற்றைக் கொறங்காடு என்பர். மழை குறைந்த அப்பூமியில் காங்கேயம் மாடு நிலைத்து நிற்பதற்கு இக்காடுகளே ஆதாரம்.

கொறங்காட்டைப் பல துண்டுகளாக வேலியிட்டுப் பிரித்திருப்பதன் காரணம் யாது? அயலார் மாடு நுழையாமல் தடுப்பதற்கே வேலி என்று பலர் எண்ணுகின்றனர். நம்முடைய மாட்டையே சில நாள் வெளியே நிறுத்தி வைப்பதுதான் அதன் பெரும்பயன்.

புல்லுக்கு இலையே அடுப்பங்கரை. மாடு இலையைக் கடித்துவிட்டால், அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த உணவைச் செலவிட்டே புல் மறுபடி துளிர்க்கிறது. துளிர் முற்றி இலையான பின்புதான் செலவிட்ட சேமிப்பைத் திரும்ப நிரப்ப இயலும். அதற்கு முன்னரே மீண்டும் கடிபட்டால், வேர் சுருங்குகிறது. சில முறை இவ்வாறு நேர்ந்தால் புல்தூர் பட்டுப்போகிறது. மாடோ முற்றிய புல்லை விட்டு, நேற்று துளிர்த்த தளிரையே நாடும். ஆகவே ஒரே நிலத்தில் நாள்தோறும் மேயவிட்டால், சுவையான புல் முதலில் அழிகிறது. வேண்டாத களை எஞ்சுகிறது.

எங்களுக்கு 6 ஏக்கர் கொறங்காடு உண்டு. அதை ஆறு துண்டுகளாக்கி, துண்டுக்கு 5 நாள் மேய்த்தால், ஒவ்வொன்றுக்கும் 25 நாள் ஓய்வு கிடைக்கும். 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோ உலர்ந்த தீவனம் வேண்டும். பச்சைப் புல்லாயின் அதனினும் பல மடங்கு. இந்தக் கணக்கைக் கொண்டே எத்தனை உருப்படி தாங்கும் என்று முடிவு செய்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் கால அட்டவணை போட்டுப் பழகியவன் அல்லவா? மாட்டுக்கும் ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாடு முழுவதும் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைவு. 5 நாள் தாங்கிய துண்டு 2 நாளில் மொட்டையாயிற்று. நான் என்ன செய்தேன்? அடுத்த படலைத் திறந்தேன்; அதுவும் தீரவே அதற்கடுத்ததைத் திறந்தேன். 25 நாள் ஓய்வு 10 நாளாகக் குறைந்தது. புல் மெதுவாக வளரும் காலத்தில் அதிக ஓய்வு தரவேண்டியிருக்க, நானோ இருந்ததையும் பறித்தேன். சித்திரையில் காடு முழுதும் வெறுந்தரையானது. மூன்று பசுக்களில் இரண்டைப் பாதி விலைக்கும் குறைவாக விற்க நேர்ந்தது. அவற்றில் ஒன்று என் தாயார் கன்றிலிருந்து வளர்த்தது. அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இத்தவற்றைப் பிரான்சு நாட்டு ஆந்திரே வுவாசான் 1957-லேயே நூலில் விளக்கியிருந்தார் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். நார்மண்டியில் வசந்த இறுதியில் 18 நாள் ஓய்வு போதுமான புல்லுக்கு, கோடை முடிவில் 36 நாள் தேவைப்படுகிறது என்கிறார் அவர். மழை பெய்யும் நார்மண்டியிலேயே இப்படியென்றால், நம் வறண்ட காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்போது அட்டவணை இல்லை. ஒரு குச்சி இருக்கிறது. அதில் இரண்டு கோடுகள். புல் முக்கால் முழம் வளர்ந்தால் மாடு உள்ளே போகலாம். அரைச் சாணுக்குக் குறையுமுன் வெளியே வந்துவிட வேண்டும். செம்மறி ஆடுகளைப் பின்னால் விடுவோர், அதையும் அதே தவணைக்குள் முடித்துவிடுதல் நலம். எந்தத் துண்டும் முதற்கோட்டை எட்டாதபோது, மாடுகளை ஒரே துண்டில் நிறுத்திச் சோளத்தட்டும் வெள்வேலங் காயும் போடுகிறோம். அத்துண்டு கெடும் என்பது தெரிந்ததே. மற்ற ஐந்தும் பிழைக்கும். கார்த்திகை முடிவில் தட்டுப் போரை அளந்து பார்த்து, பற்றாது எனத் தோன்றினால், விலை இருக்கும்போதே ஓர் உருப்படியைக் குறைத்துவிடுகிறோம்.

ஆண்டுதோறும் ஒரு துண்டை மட்டும் விதை உதிரும் வரை மூடி வைக்கிறோம். மூன்றாம் ஆண்டில் சொட்டைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய இடம் மட்டும் இன்னும் வெறுந்தரையாகவே கிடக்கிறது.