கோணல் அலகுக் குருவியின் மரம்

கண்ணு, உன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டு. நுனிகளை மட்டும் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றின்மேல் ஒன்று வை. வைத்தாயா? கிராஸ்பில் என்ற குருவியின் அலகு இப்படித்தான் இருக்கும்.

“இவ்வளவு கோணலான அலகால் அது எப்படிச் சாப்பிடும் மாமா?” என்றுதானே கேட்கிறாய்? சபாஷ்! அதற்கு ஸ்காட்லாந்து வரை போகவேண்டும், வா.

அங்கே ஸ்காட்ஸ் பைன் என்றொரு மரம் உண்டு. யாரோ வெளியூரிலிருந்து கொண்டுவந்து நட்டதல்ல. அந்த மண்ணுக்கே சொந்தமானது. இலைகள் ஊசி ஊசியாக, இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். இதற்குப் பழம் கிடையாது. கெட்டியான செதில்கள் அடுக்கிய காய்க்குள் விதைகள் ஒளிந்திருக்கும். அந்தக் காய் முற்றவே ஏறக்குறைய 2 ஆண்டு ஆகும்.

செதில்கள் இறுக மூடியிருக்கும்போது விதையை எடுப்பது லேசல்ல. கிராஸ்பில் தன் கோணல் அலகை இடுக்கில் நுழைக்கும். கீழ் அலகைப் பக்கவாட்டில் அசைக்கும். செதில் விலகும். உடனே நாக்கை நீட்டி விதையை எடுத்துக்கொள்ளும். புரிகிறதா? அதற்கு அந்தக் கோணல்தான் சாவி! குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்போது அலகு நேராகத்தான் இருக்கும். வளர வளரத்தான் கோணும். ஸ்காட்டிஷ் கிராஸ்பில் என்ற வகை ஸ்காட்லாந்தைத் தவிர உலகில் வேறெங்குமே கிடையாது.

இன்னும் விருந்தாளிகள் உண்டு. செவ்வணில் செதில்களைக் கடித்துக் கடித்துத் துப்பிவிட்டு விதையைத் தின்னும். மிஞ்சுவது, நீ தின்றுபோட்ட மக்காச்சோளத் தக்கை மாதிரி இருக்கும். கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழிக்குப் பனிக்காலத்தில் பைன் ஊசிகளே சாப்பாடு. மரம் பட்டுப்போனாலும் வீண் இல்லை. உளுத்த தண்டைக் குடைந்து கொண்டைச் சிட்டு கூடு வைக்கும்.

சரி, இந்த மரத்தை எப்படி வளர்க்கிறார்கள்? குளிர்காலத்தில் மூடிய காய்களைப் பறித்துக் கதகதப்பான இடத்தில் வைத்தால் செதில்கள் விரியும். சிறகு முளைத்த விதைகள் உதிரும். ஈரமணலில் கலந்து சில வாரம் குளிரில் வைத்துவிட்டு, வசந்தத்தில் விதைப்பார்கள். நாற்றுக்கு நிறைய வெயில் வேண்டும். பெரிய மரத்தின் நிழலில் அது தேறாது.

நட்டபிறகுதான் தொல்லை. மான்கள் வந்து கொழுந்தை மேய்ந்துவிடும். வேலி போட்டால்? வேகமாகப் பறந்துவரும் கேப்பர்கெய்லி கம்பியில் மோதிச் செத்துப்போகும்! அதனால் பறவைக்குத் தெரியும்படி வேலியில் மரச்சட்டங்களைக் கட்டுகிறார்கள். சில காடுகளில் வேலியையே எடுத்துவிட்டு மான்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். மரம் வளர்ப்பதென்றால் குழிதோண்டி நடுவதோடு முடியாது, பார்த்தாயா?

கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் போனால் கீழே கிடக்கும் பைன் காய் ஒன்றை எடுத்து வா. அங்குள்ள பைன் மரங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. ஆனாலும் காயின் வேலை ஒன்றுதான். விரிந்த காயைத் தண்ணீரில் போட்டு அவ்வப்போது பார். செதில்கள் மெல்ல மூடிக்கொள்ளும். வெயிலில் காயவைத்தால் மறுபடி விரியும். மூட எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து எனக்கு எழுது.