கணினியில் கீல் சிக்கிக்கொண்டால்

"சார், சாஃப்ட்வேர் கெட்டுப் போச்சு." அடிப்படை இயந்திரவியல் செய்முறை வகுப்பில் இந்தக் குரல் அடிக்கடி கேட்கும். போய்ப் பார்த்தால் மென்பொருள் நன்றாகத்தான் இருக்கும். மாணவி பொருத்திய பாகங்கள் அசைய மறுத்து நிற்கும், அல்லது அவற்றில் ஒன்று திரையின் மூலைக்குத் தாவியிருக்கும். உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரையத் தொடங்கிவிடுவார்கள். ஒரு பாடவேளை போய்விடும், காரணமும் தெரியாமல் போய்விடும். உத்தனப்பள்ளி, சூளகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் நாளை ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை தேடப் போகிறவர்கள். எங்கே சிக்கியது என்று கண்டுபிடிக்கும் பழக்கம் அவர்களுக்கு இங்கேயே வர வேண்டும்.

ஃப்ரீகேட் கட்டணமில்லாத மென்பொருள். 2024 நவம்பரில் வந்த அதன் 1.0 பதிப்பில், பாகங்களை மூட்டுகளால் இணைத்து அசைத்துப் பார்க்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. மூட்டு என்பதை விளக்க இங்கே சிரமமே இல்லை. தமிழில் கீல், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்குக் கீலு.

பயிற்சிக்குத் தையல் இயந்திரத்தின் மிதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு, மிதி, இணைப்புக் கம்பி, பெரிய சக்கரம் என நான்கே பாகங்கள், நான்கு கீல்கள். முதலில் ஸ்டாண்டை அசையாதபடி நிலைநிறுத்த வேண்டும். இதை மறந்தால் மிதியை இழுக்கும்போது ஸ்டாண்டும் கூடவே வரும். மாணவர்களின் புகார்களில் பல இதோடு தீர்ந்துவிடும்.

அடுத்தது நீளம். ஸ்டாண்டில் இரு அச்சுகளுக்கும் இடையே 310 மில்லிமீட்டர், கம்பி 300, மிதியின் கை 80, சக்கரத்தின் கிராங்க் 30 என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கூட்டினால் 340. மற்ற இரண்டின் கூட்டல் 380. முதல் தொகை இரண்டாவதைவிடக் குறைவாக இருப்பதால் சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றும். இது கிராஷாப் விதி. 80 என்பதை 30 என்று தட்டிவிட்டால் கணக்கு 340, 330 என்று மாறி, சக்கரம் பாதி வழியில் நின்றுவிடும். அங்கே மென்பொருள் உண்மையைத்தான் சொல்கிறது.

நீளமெல்லாம் சரி, ஆனாலும் பிழைச் செய்தி வருகிறது என்றால்? எனக்கே பிடிபட நாளான இடம் இது. கட்டில்லாத ஒரு பாகம் ஆறு விதமாக அசையும்: மூன்று திசைகளில் நகரும், மூன்று அச்சுகளில் திரும்பும். நகரும் பாகங்கள் மூன்று, ஆக 18. ஒரு கீல் ஐந்து அசைவுகளைத் தடுக்கும். நான்கு கீல்கள் 20. மிச்சம் மைனஸ் 2. இந்தக் கணக்குப்படி தையல் இயந்திரம் ஓடவே கூடாது! நான்கு அச்சுகளும் துல்லியமாக இணையாக இருப்பதால் மட்டுமே ஓடுகிறது. கம்பியின் ஒரு துளை அரை டிகிரி சாய்ந்தாலும் கணினி கைவிரித்துவிடும். மூன்று கீல் போட்ட கதவில் ஒன்று கோணலாக இருந்தால் கதவு இறுகுவதைத் தச்சர்கள் அறிவார்கள். மரமும் இரும்பும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், மெக்கானிக்குகள் பிளே என்று சொல்வது அதைத்தான். கணினியின் கணக்கில் பிளே கிடையாது.

தீர்வு, கம்பியின் இரு முனைகளிலும் மூட்டை மாற்றுவது. ஒரு முனையில் பந்து மூட்டு போட்டால் அது மூன்றைத்தான் தடுக்கும். மறுமுனையில் சுழலவும் நகரவும் விடும் உருளை மூட்டு, அது நான்கைத் தடுக்கும். இப்போது 5, 5, 4, 3 சேர்ந்து 17. மிச்சம் ஒன்று, நமக்கு வேண்டிய அந்த ஒரே அசைவு. சில பழைய இயந்திரங்களில் கம்பியின் கீழ் முனையில் பந்து மூட்டே இருப்பதைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மிதியை இழுக்கும்போது சக்கரம் திடீரென்று எதிர்த்திசையில் திரும்புகிறதா? கிராங்கும் கம்பியும் ஒரே கோட்டில் வரும் இடம் அது, ஒரு சுற்றில் இரண்டு முறை வரும். தையல்காரர் அங்கே கையால் சக்கரத்தைத் தள்ளிவிடுகிறார். திரையிலும் மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் போதும்.

மென்பொருளின் சொந்தக் குறையும் ஒன்று உண்டு. பொருத்திய பிறகு பாகத்தின் வடிவத்தை மாற்றினால், விளிம்புகளின் உள் எண்கள் மாறி, கீல் வேறு விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளலாம். 1.0 பதிப்பில் இது குறைந்திருக்கிறது, முற்றிலும் ஒழியவில்லை. அப்படி நேர்ந்தால் அந்த ஒரு கீலை மட்டும் நீக்கி மறுபடி போட வேண்டும்.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒரு கீல் போட்டதும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. சிக்கினால் கடைசியாகப் போட்டதை மட்டும் நீக்கலாம். என்ன நடந்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதாமல் வேறு எதையும் அழிக்கக் கூடாது.