பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விடை கொடுப்பது: பிரிவு விழாவா, அனுப்பும் விழாவா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

பிப்ரவரி வந்தாச்சு. பிளஸ் டூ பசங்களுக்கு பிராக்டிகல், அப்புறம் ஸ்டடி லீவு, மார்ச்ல பொதுத்தேர்வு. இதுக்கு நடுவுல ஒருநாள் ஃபேர்வெல்.

நம்ம நேயர் ஒருத்தங்க கேள்வி அனுப்பியிருக்காங்க. ஒரு கான்வென்ட் மேல்நிலைப் பள்ளியில புதுசா சேர்ந்த ஆசிரியை. "ஃபேர்வெல் பொறுப்பை எங்கிட்ட கொடுத்துட்டாங்க சார். காலையில பாத்தா கோவில் மாதிரி இருக்கு, மத்தியானம் பாத்தா கல்யாண வீடு மாதிரி இருக்கு. உண்மையில இது என்ன நிகழ்ச்சி? எதை விடலாம், எதை விடக்கூடாது?"

நல்ல கேள்விங்க. நானும் கத்தோலிக்கப் பள்ளியில பல வருஷம் பாடம் எடுத்தவன். இந்த விழாவுக்கு நாற்காலி போட்டிருக்கேன், பேசியிருக்கேன், ஒரு தப்பும் பண்ணியிருக்கேன். அதையும் சொல்றேன்.

ஒரே நாளில் இரண்டு விழா

பெரும்பாலான பள்ளிகளில் நாள் இப்படித்தான் போகும். காலையில் திருப்பலி, அல்லது எல்லா மதத்துப் பிள்ளைகளும் கலந்துகொள்கிற பொது வழிபாடு. பெரும்பாலான பள்ளிகளில் இந்து, இஸ்லாமியப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறதால, பல இடங்களில் பைபிளோடு கீதையும் குர்ஆனும் வாசிப்பாங்க. ஹால் டிக்கெட் வந்திருந்தா அதைப் பீடத்துல வச்சு ஃபாதர் மந்திரிப்பார். சில இடங்களில் பேனாவையும் வைப்பாங்க.

மத்தியானம் பிளஸ் ஒன் பசங்க நடத்துற விழா. அன்னிக்கு மட்டும் கலர் டிரஸ்ஸுக்கு அனுமதி. பெண் பிள்ளைகள் அம்மாவோட புடவையில வருவாங்க, நடக்கத் தெரியாம நடப்பாங்க. பாட்டு, விளையாட்டு, கேக், பிரியாணிப் பொட்டலம், குரூப் போட்டோ. கடைசியில் யூனிஃபார்ம் சட்டையில ஸ்கெட்ச் பேனாவால கையெழுத்து. "கூடாது"ன்னு சர்க்குலர் வந்தாலும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அது நடந்துடும்.

மத்தியான விழா எல்லாப் பள்ளிக்கும் பொதுவானது. காலையில நடக்கிறதுக்குத்தான் தனியா ஒரு அர்த்தம் இருக்கு.

மெழுகுவர்த்தி எதைச் சொல்கிறது

பல பள்ளிகளில் விளக்கை அணைச்சுட்டு, தலைமை ஆசிரியர் ஒரு மெழுகுவர்த்தியை ஏத்துவார். அதுல இருந்து ஆசிரியர்கள், அவங்ககிட்ட இருந்து மாணவர்கள். அழகா இருக்கும், போட்டோவும் நல்லா வரும்.

ஆனா கத்தோலிக்கர்களுக்கு இது தெரிஞ்ச காட்சி. உயிர்ப்புத் திருவிழாவுக்கு முந்தின இரவு, கோவில் முழுக்க இருட்டா இருக்கும்போது பாஸ்காத் திரி ஒண்ணுல இருந்துதான் எல்லார் கையிலும் இருக்கிற திரி எரியும். திருமுழுக்குல குழந்தைக்குக் கொடுக்கிற திரியும் பாஸ்காத் திரியில இருந்துதான் ஏத்தப்படும். "இந்த வெளிச்சம் இனி உன் பொறுப்பு"ன்னு கையில கொடுக்கிறதுதான் அதோட அர்த்தம். அதனால பள்ளியில அந்தத் திரியை நீட்டும்போது, 'பிரியுறோம்'ங்கிறதைவிட 'ஒப்படைக்கிறோம்'ங்கிறதுதான் மேல நிக்குது.

'சென்று வாருங்கள்'

லத்தீனில் திருப்பலிக்கு 'மிஸ்ஸா'ன்னு பேர். ஆங்கிலத்துல 'மாஸ்'னு சொல்றது அதுல இருந்து வந்ததுதான். அந்தப் பேர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வழிபாட்டின் கடைசி வாக்கியமான 'இத்தே, மிஸ்ஸா எஸ்த்'ல இருந்து. அதுக்கு வேர், 'அனுப்புதல்'னு பொருள்படுற லத்தீன் வினைச்சொல். ஒரு வழிபாடு முழுசுக்கும், முடிவுல மக்களை அனுப்பிவைக்கிற சொல்லே பேரா அமைஞ்சிருக்கு.

தமிழ் வழிபாட்டுல அந்த இடத்துல குருவானவர் 'சென்று வாருங்கள்'னு சொல்றார். நம்ம வீட்டுல யாராவது கிளம்பும்போது "போறேன்"னு சொன்னா பாட்டி விடமாட்டாங்க. "போயிட்டு வரேன்னு சொல்லு"ம்பாங்க. போறதுலயே வர்றதும் இருக்கணும். அழைப்பிதழ்ல நாம போடுற 'பிரிவு உபசார விழா'ங்கிற சொல்லுல அது இல்ல. 'வழியனுப்பு விழா'ங்கிற சொல் நெருக்கமா வருது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

அனுப்பினவருக்கு ஒரு கடமை

வழியனுப்பினவர் அதோட வேலை முடிஞ்சதுன்னு உட்கார முடியாது. இதை நான் சொல்லல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ல் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றிப் பேசும்போது, படிப்பு முடிஞ்ச பிறகும் ஆலோசனையாலும் நட்பாலும் மாணவர்களுக்குத் துணை நிக்கணும், அதுக்கான சங்கங்களை அமைக்கணும்னு அதுல இருக்கு. ஆக, முன்னாள் மாணவர் சங்கம்ங்கிறது கட்டட நிதி வசூலிக்கிறதுக்கு மட்டும் இல்லீங்க.

இன்னொண்ணு. 1973-ல் ஸ்பெயினில் உள்ள வலென்சியாவில், இயேசு சபைப் பள்ளிகளில் படிச்ச ஐரோப்பிய முன்னாள் மாணவர்கள் கூடியிருந்தாங்க. பலர் நல்ல வசதியானவங்க. சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே பேச வந்தார். வாழ்த்திட்டுப் போவார்னு நினைச்சிருப்பாங்க. அவர், "நீதிக்காக வாழ உங்களுக்கு நாங்க கத்துக்கொடுத்தோமா?"ன்னு கேட்டு, இல்லைன்னு அவரே பதிலும் சொன்னார். கூட்டத்துல சிலருக்குக் கோபம். ஆனா இன்னைக்கு உலகம் முழுக்க இயேசு சபைப் பள்ளிகள் சொல்ற 'பிறருக்காக வாழும் மனிதர்கள்'ங்கிற குறிக்கோள் அந்தப் பேச்சுல இருந்துதான் பரவுச்சு.

நாம ஃபேர்வெல் மேடையில மாணவர்களுக்கு அறிவுரை சொல்றோம். அவர் எதிர்ல இருந்தவங்களை விட்டுட்டு, பள்ளிகளைப் பாத்துக் கேள்வி கேட்டார்.

பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே

இப்போ என் தப்பு. நான் வகுப்பாசிரியரா இருந்த ஒரு வருஷம் விழா பிரமாதமா நடந்தது. திரி ஏத்தினோம், அழுதோம். மைக் செட், நாற்காலி எல்லாம் ஓடி ஓடிப் பாத்துக்கிட்டது ஒரு பையன். கடைசி பெஞ்ச். எனக்கு வலது கை மாதிரி.

மே மாசம் ரிசல்ட் வந்தது. அவன் ஒரு பாடத்துல ஃபெயில். பாஸ் ஆனவங்க எல்லாம் இனிப்போட வந்தாங்க, டிசி வாங்கினாங்க, காலேஜ் எங்க சேரலாம்னு கேட்டாங்க. அந்தக் கூட்டத்துல நானும் மூழ்கிட்டேன். அவன் வரல. நானும் போன் பண்ணல.

ஆகஸ்ட்ல ஒருநாள், மத்தியான சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் ஜன்னல்கிட்ட அம்மாவோட நின்னுட்டிருந்தான். அந்த நேரத்துல ஆசிரியர்கள் யாரும் இருக்கமாட்டாங்கன்னு கணக்குப் போட்டு வந்திருக்கான். "ஏன்டா இத்தனை நாளா வரல?"ன்னேன். "எப்படி சார் வர்றது?"ன்னான். அவ்வளவுதான்.

துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கிற நாள் ரிசல்ட் வந்த சில நாளிலேயே முடிஞ்சுபோச்சு. அந்த வாரம் ஒரே ஒரு போன் போட்டிருந்தா அந்த வருஷமே எழுதியிருப்பான். ஒரு வருஷம் போச்சு. அவங்க அம்மா என்னைத் திட்டல. "வணக்கம் சார்"னு சொன்னாங்க. அதுதான் இன்னும் உறுத்துது.

நாம வழியனுப்புறது பிப்ரவரியில. யாருக்கு உண்மையிலேயே துணை வேணும்னு தெரியுறது மே மாசத்துல. நடுவுல பள்ளிக்கும் பிள்ளைக்கும் எந்தத் தொடர்பும் இல்ல. பள்ளியோட கடைசி முகமா அந்தப் பிள்ளை பாக்கிறது ஆபீஸ் ஜன்னலைத்தான்.

அப்போ என்ன செய்யலாம்?

கேள்வி கேட்ட டீச்சருக்கு நாலு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, காசு வசூல் வேண்டாம். கலர் டிரஸ்ஸும் கட்டாயம் வேண்டாம். இருநூறு ரூபா இல்லாததால அன்னிக்கு லீவு போடுற பிள்ளை கண்டிப்பா இருக்கும்.

ரெண்டு, ஒவ்வொரு பேரையும் சொல்லிக் கூப்பிட்டுத் திரியைக் கொடுங்க. நூத்தம்பது பேர்னா முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும், சிறப்பு விருந்தினர் பேச்சைக் குறைச்சுக்கலாம்.

மூணு, டிசியைப் பிணையா வைக்கக்கூடாதுன்னு நிர்வாகத்துக்கிட்ட எடுத்துச் சொல்லுங்க. டிசி கட்டணம் வசூலிக்கிற கருவி இல்லைன்னு சென்னை உயர் நீதிமன்றமே 2024-ல் சொல்லியிருக்கு.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். விழா அன்னிக்கே வகுப்புப் பட்டியலை ஆசிரியர்கள் பிரிச்சுக்கணும், ஆளுக்குப் பத்துப் பேர். ரிசல்ட் வர்ற அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பத்துப் பேருக்கும் போன். முதல் போன் ஃபெயில் ஆன பிள்ளைக்கு. "நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு வா, ஃபார்ம் போட்டுடலாம்"னு சொன்னாப் போதும்.

எதை விடலாம்னு கேட்டீங்கல்ல டீச்சர்? கேக்கை விடலாம், பலூனை விடலாம். அந்தப் போனை மட்டும் விட்டுடாதீங்க.

உங்க பள்ளியில எப்படி வழியனுப்பினாங்கன்னு குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல கேப்போம். போயிட்டு வரேன்.