பணிந்து பணித்தல்: தொஹொலபால் மொழியின் கூட்டுத்தலைமைச் சொற்கள்

மெக்சிகோவின் தென்கோடி மாநிலமாகிய சியாப்பாசில் வழங்கும் மாயன் குடும்ப மொழிகளுள் தொஹொலபாலும் ஒன்று. அம்மொழி பேசும் பழங்குடிச் சிற்றூர்களில் முடிவெடுக்கும் உரிமை ஊர்க்கூட்டத்திற்கு உரியது. பொறுப்பேற்றவர் அம்முடிவை நிறைவேற்றுபவரே. இவரைத் தமிழில் ‘தலைவர்’ என்று எழுத நேர்வது இயல்பு. ஆனால் தலை என்னும் உறுப்புப்பெயரடியாகப் பிறந்த அச்சொல் ஏனையோரைக் கீழுறுப்புகளாக்கிவிடுகிறது.

தொஹொலபாலில் அ’தெல் என்பது வேலை. பொறுப்பில் இருப்பவரை ‘நம்மால் பணி உடையவர்’ என்னும் பொருள்படச் சுட்டும் வழக்கைக் கார்லோஸ் லெங்கர்ஸ்டார்ஃப் பதிவு செய்துள்ளார். அவருக்குப் பணி உண்டு. அதனை அளித்தவர் நாம். இதற்கு மாறாக, ஆணையிடுவோரைக் குறிக்கும் மந்தரனும் என்னும் சொல்லின் அடி ஸ்பானிய வினையாகிய மந்தார் என்பதாகும். கட்டளையிடுவோருக்கான பெயர் கடனாக வந்திருப்பது கருதத்தக்கது.

‘நம்மால்’ என்பதும் நோக்கத்தக்கது. தொஹொலபாலில் -திக் என்பது கேட்போரை உளப்படுத்தும் தன்மைப் பன்மை, -திகோன் உளப்படுத்தாதது. 1996-இல் வெளிவந்த தம் நூலில் லெங்கர்ஸ்டார்ஃப், -திக் மிகுதியாகப் பயில்வதை அம்மக்களின் வாழ்வியலோடு இணைத்து விளக்கினார். இலக்கணமே சமூகத்தை ஆக்கும் என்று இதனை விரித்துரைப்பது மிகை. நாம், நாங்கள் என்னும் வேறுபாடு தமிழிலும் உண்டு. அது முடியாட்சியைத் தடுத்ததில்லை. எனினும் மொழிபெயர்ப்பாளர்க்கு இது பெருஞ்சிக்கலே. ஸ்பானியத்தில் இவ்வேறுபாடு இல்லை. ஸ்பானிய வழியாகத் தமிழாக்குவோர் ‘நாங்கள் முடிவு செய்தோம்’ என்றால் அம்முடிவு கேட்போரைக் கட்டுப்படுத்தாது. ‘நாம்’ என்றால் கட்டுப்படுத்தும். பேசப்படும் களம் தெளிவாகாதவிடத்து, பெயரை விடுத்து ‘முடிவு செய்தோம்’ என வினைமுற்றளவில் நிறுத்துவதே பிழை குறைந்த வழி. -ஓம் விகுதி இரண்டிற்கும் பொது.

1994 சனவரி 1-இல் எழுச்சி கண்ட சபதிஸ்தா இயக்கத்தில் தொஹொலபால் மக்களும் இடம்பெற்றனர். 2003-இல் அவ்வியக்கம் அமைத்த நல்லாட்சிக் குழுக்களில் உறுப்பினர் ஊதியமின்றி, முறைவைத்து மாறிப் பணிபுரிந்தனர். 2023 நவம்பரில் அக்குழுக்கள் கலைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஊர்தோறும் தன்னாட்சி அமைப்புகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. இவ்வியக்கத்தின் முழக்கம் மந்தார் ஒபெதெசியெந்தோ. ‘கீழ்ப்படிந்து ஆணையிடல்’ என்னும் தமிழாக்கத்தில் பொருள் உண்டு, உறவு இல்லை. தமிழிலோ பணி என்னும் ஓரடியே வேலையையும் குறிக்கும். தன்வினையில் பணிதல், பிறவினையில் பணித்தல். ‘பணிந்து பணித்தல்’ என்றால் அ’தெல் என்பதன் சாயலும் உடன்வருகிறது. பணித்தல் மன்னர்க்கே உரிய வினை என்று தயங்க வேண்டுவதில்லை. சபையார் பணிக்க எழுதியதாகக் கூறும் கல்வெட்டுகளும் உள. (அச்சபைகளில் எல்லார்க்கும் இடமிருந்ததில்லை என்பது வேறு.)

பொறுப்பில் இருப்பவரைப் ‘பணியாளர்’ எனல் மட்டும் ஆகாது; இற்றை வழக்கில் அது சம்பளக்காரரைச் சுட்டும். ‘பணியேற்றவர்’ பொருந்தும், பணியைத் திரும்பப் பெறவும் அச்சொல் இடந்தருகிறது.